ஓரத்தில் எழுதியவள் – 14: செத்தவர் எடுத்த போன்

காலையில் அக்காவை எழுப்பியது அலாரம் இல்லை, கணவரின் சிரிப்பு.

குளியலறைக்குள்ளிருந்து வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் பிரஷ்ஷோடு, போனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. லிஃப்ட் மெக்கானிக்கான அந்த மனுஷர் சுலபத்தில் சிரிக்கிறவர் இல்லை. நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்குகிறவருக்குச் சிரிக்க என்ன இருக்கிறது? கல்யாணமான பதினேழு வருஷத்தில் அக்கா சொன்ன எந்த ஜோக்குக்கும் அவர் இப்படிச் சிரித்ததாகச் சரித்திரம் இல்லை.

"என்னங்க, உள்ளே ஒரே கும்மாளமா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. உன் தங்கச்சி கதையைத் தொறந்தேன்."

போதாதா? அக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

பதின்மூன்று வாரமாக இந்த வயிற்றெரிச்சலைப் பார்த்துவருகிற உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்ல? ஆனாலும் இன்றைக்குத்தான் யாராவது நம் வீட்டுக்குள் நுழைந்திருந்தால், அவர்களுக்காக நாலு வரி.

அக்கா அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கிறவள். பத்தொன்பது வருஷமாக மற்றவர்கள் எழுதிய புத்தகங்களில் சிவப்புப் பேனாவால் பிழை பொறுக்குகிறாள். ராத்திரியும் விடுமுறையும் கரைத்துத் தானும் ஒரு நாவல் எழுதியிருக்கிறாள். பதினோரு வருஷ உழைப்பு, ஆறு நோட்டுப் புத்தகம். அதை முதலாளியிடம் கொடுத்து இரண்டு வருஷமாகிறது. "பார்க்கலாம் மேடம்" என்று மேஜை டிராயரில் வைத்தவர் இன்னும் பார்த்தபாடில்லை.

தங்கை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். வீட்டில் அவளுக்குப் பெயரே 'ஊசி'. பஸ்ஸில் போகிறபோது போனிடம் வாயாலேயே கதை சொல்லுவாள். போன் தட்டச்சு செய்துகொள்ளும். இறங்குவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்துவிடும். அப்படிப் பொழுதுபோக்காகச் சொன்ன 'ஒன்பதாம் நம்பர் கதவு' படிக்கிற ஆப்பில் நாற்பதாயிரம் வாசகர்களைச் சேர்த்துவிட்டது. இப்போது அது புத்தகமாகிறது. எங்கே? அக்காவின் அச்சகத்தில். ப்ரூஃப் யார்? நம் அக்காவேதான்.

பொறாமைதான். வேறென்ன பெயர் வைத்தாலும் அது பொறாமைதான்.

அந்தப் பொறாமைக்கு அக்கா ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தாள். போன பிறந்த நாளுக்குத் தங்கை ஒரு டேப் வாங்கித் தந்தாளே, அதில். "உனக்கெதுக்குக்கா தனி அக்கவுண்ட்? என்னோடதிலேயே படி" என்று எல்லாவற்றையும் அவளே போட்டுக் கொடுத்திருந்தாள். கையில் பேனா இல்லாமல் அக்காவால் எதையும் படிக்க முடியாது. மருந்துச் சீட்டைக்கூடத் திருத்துகிற ஜென்மம். டேப்பில் ஒரு வரியை விரலால் அழுத்திப் பிடித்தால் அது மஞ்சளாகிறது, பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் வருகிறது என்று தெரிந்ததும் அவளுக்குச் சொர்க்க வாசல் திறந்த மாதிரி ஆயிற்று. ஒவ்வொரு வாரமும் தங்கையின் அத்தியாயத்தைத் திறந்து, நாக்கில் இருக்கிற விஷத்தையெல்லாம் அந்தக் கட்டங்களில் கக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவாள். யாருக்குத் தெரியப்போகிறது?

"டிபன் ஆச்சா?" என்று வெளியே வந்தார் கணவர். கண்ணோரம் இன்னும் ஈரமாக இருந்தது. அழுகிற அளவுக்குச் சிரித்திருக்கிறார்.

"ஆச்சு. ரொட்டி கருகிடுச்சு. அதையே சாப்பிடுங்க."

"கருகினா என்ன, நல்லாத்தான் இருக்கும்" என்றவர் போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். நடுவில் ஒருமுறை புரையேறியது. அக்கா தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை.

*

அச்சகத்தில் அந்தப் புத்தகத்துக்கு அன்று கடைசி நாள். ஞாயிற்றுக்கிழமை புத்தக வெளியீடு. பதின்மூன்று, பதினாலு, பதினைந்து, மூன்று ஃபாரம்தான் பாக்கி. ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம். அக்கா பார்த்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் மெஷினுக்குப் போகும். முதலாளி சொன்னாலும், ஏன், எழுதியவரே வந்து நின்றாலும், அந்தக் கையெழுத்து இல்லாமல் மெஷின்காரர் பட்டனைத் தொடமாட்டார். அந்த இடத்தில் அக்காவுக்கு இருக்கிற ஒரே அதிகாரம் அதுதான்.

மத்தியானம் தங்கை வந்தாள். வேலை இடத்து வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருந்தாள்.

அச்சகமே எழுந்து நின்றது. கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிற பெண், "மேடம், ஒரு செல்ஃபி" என்று ஒட்டிக்கொண்டாள். பைண்டிங்கிலிருந்து இரண்டு பேர் பசைக் கையோடு வந்தார்கள். மெஷின்காரர், பத்தொன்பது வருஷத்தில் அக்காவிடம் 'ஃபாரம் ரெடியா' என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாதவர், கையைத் துடைத்துக்கொண்டு, "கதையில அந்த மூத்தவ கடைசியில தங்கச்சியை மன்னிச்சிடுவாளாம்மா? சொல்லிடுங்க, தூக்கம் வரல" என்றார்.

"படிச்சுத் தெரிஞ்சுக்கோங்கண்ணே" என்று சிரித்தாள் தங்கை.

முதலாளி தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். தன் டீயையும் நீட்டினார். அந்த டீ கிளாஸை அவர் யாருக்கும் தந்து அக்கா பார்த்ததில்லை.

"நான் அக்காவைப் பார்த்துட்டு உடனே போகணும் சார்" என்று தங்கை அக்காவின் மூலைக்கு வந்தாள். மேஜையில் கிடந்த பக்கங்களைத் தொடாமல், குழந்தை மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, ஒரே சிவப்பா இருக்கு?"

"இவ்வளவு தப்பு இருந்தா சிவப்பாத்தான் இருக்கும்."

"திட்டுக்கா, நல்லாத் திட்டு. ஃபைலைக் குடுத்ததுலேர்ந்து நான் ஒரு வார்த்தை மாத்தலை, தெரியுமா? சார்கூட, 'எதாவது திருத்தம் இருந்தா அனுப்புங்க'ன்னு ரெண்டு தடவை போன் பண்ணினார். ஒண்ணுமில்லைன்னுட்டேன்."

கொழுப்பைப் பார் என்று நினைத்தாள் அக்கா. ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டாமாம். அவள் தன் நாவலின் முதல் பக்கத்தை மட்டும் இருபத்தாறு தடவை மாற்றி எழுதியவள்.

"நாற்பதாயிரம் பேர் கைதட்டினா அப்படித்தான் தோணும்" என்றாள்.

தங்கையின் முகம் ஒரு நொடி வாடியது. உடனே சிரித்துவிட்டாள். "சாயந்திரம் போன் பண்றேன். ஒண்ணு கேக்கணும்" என்று அக்காவின் தோளை அழுத்திவிட்டு ஓடினாள். ஊசி குத்தப் பழகின விரல், தொட்டதே தெரியாது.

அவள் போன பிறகும் அச்சகம் முழுக்க அவள் பேச்சாகவே இருந்தது. முதலாளி அந்தப் பூரிப்பு அடங்காமலே அக்காவின் மேஜை வரைக்கும் வந்தார்.

"என்னமா எழுதுது அந்தப் பொண்ணு! கூடப் பொறந்தவங்க நீங்க. நீங்களும் ஏதாவது எழுதலாமே மேடம்?"

அக்கா அவரையே பார்த்தாள். அந்த மனுஷர் முகத்தில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்கிறார். டிராயரில் இரண்டு வருஷமாகக் கிடக்கிற ஆறு நோட்டும் அவருக்கு மறந்தே போயிருந்தது.

"எழுதலாம் சார்" என்றாள் அக்கா. வாய்விட்டு அழுதிருந்தால் இந்த வாரக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். அவள் அழவில்லை. அடுத்த ஃபாரத்தை எடுத்தாள்.

பதினாலாவது ஃபாரம். பக்கம் இருநூற்றுப் பதினாலு. கதையில் முப்பத்தொன்றாவது அத்தியாயம்.

'போன் அடித்தது. பெரியப்பா எடுத்தார்.'

சிவப்புப் பேனா அந்தரத்தில் நின்றது.

பெரியப்பா பன்னிரண்டாம் அத்தியாயத்திலேயே செத்துப்போனவர். சாவும், துக்கமும், சொந்தக்காரர்கள் போட்ட சண்டையுமாகப் பதினோரு பக்கத்துக்கு நீண்ட சாவு. தங்கை பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்த வேகத்தில் மறந்திருக்கிறாள். அக்கா மறக்கவில்லை. ஆப்பில் படித்த அன்றே, மூன்று வாரத்துக்கு முன்னால், இந்த வரியை மஞ்சளாக்கிக் குறிப்பு எழுதியவள் அவள்.

ஒரு கோடு போதும். 'பெரியப்பா'வை அடித்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. அரை நிமிஷ வேலை.

ஞாயிற்றுக்கிழமை மேடை அவள் கண்முன் வந்தது. மாலையும் மைக்கும் முன்வரிசையில் முதலாளியுமாக. கூட்டத்தில் எவராவது ஒரு கிழவர் எழுந்து, 'அம்மா, பக்கம் இருநூற்றுப் பதினாலில் ஒரு சந்தேகம்' என்று ஆரம்பிக்கிறார். கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. தங்கையின் காது சிவக்கிறது. அதைப் பார்க்க அக்காவுக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசையாக இருந்தது என்பதில் அவளுக்கே கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

'எனக்குச் சம்பளம் எழுத்துப் பிழைக்கு. கதையில யார் செத்தா, யார் பிழைச்சா எனக்கென்ன? ஒரு வார்த்தை மாத்தலைன்னு பெருமையா சொன்னாளே, அப்படியே இருக்கட்டும்.'

கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் வழக்கம்போல, 'பார்த்தேன். அச்சிடலாம்.'

பதினைந்தையும் பார்த்து முடித்ததும் மெஷின்காரர் வந்து எடுத்துக்கொண்டு போனார். "ஆறு மணிக்கு ஓட்டிடுவேன். மூவாயிரம் பிரதி. ஓட ஆரம்பிச்சா நிறுத்தமாட்டேன்" என்றார்.

*

வீட்டுக்கு வந்தபோது ஆறாகப் பத்து நிமிஷம். பஸ் முழுக்க அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, சந்தோஷமாக இருக்கிறேன், சந்தோஷமாக இருக்கிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டு வந்தாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தால் அது என்ன லட்சணமான சந்தோஷம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவர் சோபாவில் குப்புறப் படுத்துக்கொண்டு, போனைத் தலையணையில் சாய்த்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கையிலிருந்த பையை அக்கா தரையில் போட்டாள்.

"போதும்! வீட்டுக்குள்ள வந்தா அவ, அச்சகத்துக்குப் போனா அவ. அப்படி என்ன எழுதிக் கிழிச்சுட்டா? நான் ஒரு நாளைக்கு ஏதாவது சொன்னா இப்படிச் சிரிச்சிருக்கீங்களா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் நிஜமான குழப்பம்.

"அவ எழுதறதுக்கு எவன் சிரிச்சான்? அவ கதை மொத்தமும் அழுகாச்சி. நான் நீ எழுதறதுக்கில்ல சிரிக்கிறேன்."

"நானா?"

சொன்ன பிறகுதான் உளறிவிட்டது அவருக்கு உறைத்தது. "ஐயையோ, ஊசி சொல்லக்கூடாதுன்னாளே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன சொல்லக்கூடாதுன்னா? ஒழுங்கா சொல்லுங்க."

"நீ மஞ்சளாக்கிக் குறிப்பு எழுதறியே, அதான். நம்ம எல்லாருக்கும் ஒரே அக்கவுண்ட்தானேம்மா. நீ உன் டேப்புல எழுதினா என் போன்லயும் வரும், அவ போன்லயும் வரும், சகலை போன்லயும் வரும். உனக்குத் தெரியாதுன்னு எங்களுக்கே மூணாவது வாரம்தான் புரிஞ்சுது."

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் படிச்சீங்களா?"

"படிச்சோமாவா? சனிக்கிழமை ஆச்சுன்னா நானும் சகலையும் கதையை விட்டுட்டு உன் மஞ்சளைத்தான் தேடுவோம். இத கேளு." அவருக்கு மறுபடி உற்சாகம் வந்துவிட்டது. போனைத் தூரப் பிடித்துப் படித்தார். "'இந்த ஆள் ஒரே பாராவில் மூன்று தடவை பெருமூச்சு விடுகிறான். நல்ல டாக்டரிடம் காட்டவும்.' அப்புறம் இது. 'மழை பெய்யாமல் இந்த ஊரில் யாருக்கும் காதல் வராதா?' இன்னொண்ணு. 'நாலு மாதமாக நாயகி உடம்பில் அதே பச்சைச் சட்டை. துவைப்பதுண்டா?' எங்கடி வெச்சிருந்த இத்தனை நக்கலை? பதினேழு வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சே!"

இதைக் கேட்கத்தான் அவள் இத்தனை வருஷம் ஏங்கினாள். கேட்டபோது சந்தோஷப்பட முடியவில்லை. இத்தனை வாரமும் தன் மீதே பொறாமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது புரிந்தபோது வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று பின்னாலேயே வந்தது.

"அவ கோவப்படலையா?"

"கோவமா? 'அக்காகிட்ட வாயத் தொறக்காதீங்க மாமா, தெரிஞ்சா எழுதறதை நிறுத்திடுவா'ன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினா. நீ எழுதின ஒவ்வொண்ணையும் பார்த்துப் பார்த்து ஆப்புல மாத்தியிருக்கா. பெருமூச்சு இப்ப ஒண்ணுதான். சட்டைகூட நீலமாயிடுச்சு. இதப் பாரு, இதுக்குத்தான் நான் காலைலேர்ந்து சிரிக்கிறேன்."

போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். முப்பத்தொன்றாம் அத்தியாயம். மஞ்சள் வரி. பக்கத்தில் அவளுடைய குறிப்பு, மூன்று வாரத்துக்கு முந்தைய தேதியோடு.

'செத்தவர் போன் எடுக்கிறார். மேலுலகத்தில் சிக்னல் பிரமாதம் போல.'

ஆனால் குறிப்புக்குக் கீழே இருந்த வரி மாறியிருந்தது. 'போன் அடித்தது. எதிர்வீட்டம்மா ஓடி வந்து எடுத்தாள்.'

நாற்பதாயிரம் போனில் சரியாக இருக்கிறது. மூவாயிரம் காகிதத்தில் மட்டும் செத்தவர் எழுந்து வந்து போன் எடுக்கப்போகிறார். அந்த ஃபாரத்தின் ஓரத்தில் அக்காவின் கையெழுத்து. தனக்குத் தெரியாது என்று யாரிடம் சொல்ல முடியும்? தெரியும் என்பதற்குத் தேதி போட்ட சாட்சி குடும்பத்தில் எல்லார் பையிலும் இருக்கிறது.

கணவர் திரும்பிக்கொண்டு யாருக்கோ அவசரமாக மெசேஜ் தட்டினார். அடுத்த நிமிஷம் அவளுடைய போன் அடித்தது. தங்கை.

"அக்கா, வீட்டுக்கு வந்துட்டியா? மாமா உளறிட்டாராமே, இப்பதான் மெசேஜ் போட்டார். திட்டாதே அவரை. என்னைத் திட்டு." மூச்சு விடாமல் பேசினாள். "சும்மா சொல்லலைக்கா, உன் குறிப்பு இல்லேன்னா என் கதை இருபதாம் அத்தியாயத்திலேயே படுத்திருக்கும். அதான் அச்சகத்து ஃபைலை நான் தொடவே இல்லை. அக்கா கண்ணுல பட்டாச்சு, அவ கையைத் தாண்டி எப்படிப் போகும்னு விட்டுட்டேன்."

தங்கை கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும் என்று மட்டும் அக்காவுக்குத் தோன்றியது.

"அக்கா? ஒண்ணு கேக்கணும்னேனே. அந்தப் பெரியப்பா போன் எடுக்கிற இடம் இருக்கே, ஆப்புல நான் எதிர்வீட்டம்மாவை எடுக்க வெச்சுட்டேன். புத்தகத்துல நீ யாரை எடுக்க வெச்ச? ரெண்டும் ஒண்ணா இருந்தா நல்லா இருக்குமேன்னு..."

சுவரில் மணி ஆறு அடிக்க இரண்டு நிமிஷம்.

"அப்புறம் கூப்பிடறேன்டி" என்று வெட்டினாள் அக்கா.

மெஷின்காரர் நம்பரைத் தேடியபோது விரல் வேறெங்கோ போய் விழுந்தது. இரண்டாவது தடவைதான் சரியாக அழுத்தினாள். செருப்பைப் பாதி மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். "எங்கேடி ஓடற?" என்று பின்னால் கணவரின் குரல்.

"புத்தகத்துல அதே தப்புதாங்க! நான் பார்த்தேன், பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்!"

வாய்விட்டு அதைச் சொல்லிவிட்டது அவளுக்கே தெரு முனைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் அந்த இரைச்சலில் அந்த மனுஷருக்குப் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலே கேட்காது. முதலாளி வீட்டுக்குப் போயிருப்பார். பைண்டிங்காரர்கள் போயிருப்பார்கள்.

"யாராவது எடுங்களேன்" என்றாள் அக்கா. யார் எடுத்தாலும் அவளுக்குச் சம்மதம்தான்.

யாரும் எடுக்கவில்லை.